பொதுவில் வைத்த படம் யாருக்குச் சொந்தம்?

 

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, படித்து முடித்த பின்னும் என் கையை விட்டு இறங்க மறுத்தது. பேராவூரணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார். பெயர் வேண்டாம், செய்தி போதும். அது நம் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டப்போகிற செய்தி.

அச்சகோதரியின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், கல்லணைக் கால்வாயின் தண்ணீரை நம்பித் தென்னந்தோப்பு ஒன்றை வைத்தார். புதாறு என்று நம் மக்கள் சொல்லும் அந்தக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. நீர் வந்தால் வரும். வராவிட்டால் குடத்தில் சுமந்து ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றி வளர்த்த மரங்கள். 2016-ஆம் ஆண்டில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன், தோப்பின் நடுவே நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான். அவனுடைய ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட, இணையத்தில் உள்ள ஒரு பொதுப்படக் கருவூலத்தில் அதை ஏற்றினான். பிறகு அதை மறந்தும் போனான்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் ஒரத்தநாடும் அன்று கண்ட காட்சியை டெல்டா மக்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அந்தத் தோப்பில் ஒரு மரமும் நிற்கவில்லை. வீட்டுக் கூரை பறந்தது. மழை உள்ளே இறங்கியது. மரப்பெட்டியிலிருந்த குடும்பப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாயம் கலந்து போயின. கைப்பேசியும் நீரில் கெட்டது. கணவர் வஃபாத்தான பின் அவருடைய உழைப்பின் அடையாளமாக எஞ்சியிருந்தது தோப்புத்தான், அதுவும் போயிற்று.

சில மாதங்கள் கழித்துத்தான் மகனுக்கு அந்தப் பழைய நினைவு வந்தது. கணினி மையத்தில் அமர்ந்து தேடினான். படம் அங்கே இருந்தது! எடுத்த நாள், எடுத்தவன் பெயர், ஊரின் பெயர் அனைத்தும் இருந்தன. அவன் ஏற்றியபோது கருவி கொடுத்த வெறும் எண்ணே படத்தின் பெயராக இருந்தது. யாரோ ஒரு தொண்டர் அதை மாற்றி, 'பேராவூரணித் தென்னந்தோப்பு' என்று விளங்கும்படி பெயரிட்டு, அவ்வூர்ப் படங்களின் வரிசையில் சேர்த்து வைத்திருந்தார். அவர் யார், எந்த நாட்டவர் என்று இவர்களுக்குத் தெரியாது. அச்சிட்டுச் சட்டமிட்ட அந்தப் படம் இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இதுவரை மகிழ்ச்சியான கதை. சகோதரியின் கவலை இதற்குப் பின்னர்த் தொடங்குகிறது. வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்த அவருடைய சகோதரர் செய்தியைக் கேட்டுச் சினந்தார். "மச்சான் நட்ட தோப்பின் படத்தை ஊருக்கெல்லாம் இலவசமாக ஏன் கொடுத்தீர்கள்? நாளை எவனோ காலண்டரில் போட்டுக் காசு பார்ப்பான். முதலில் அதை எடுக்கச் சொல்!" என்றார். இதற்கிடையே மகன் ஏற்றிய வேறொரு படத்தை அக்கருவூலத்தார் நீக்கிவிட்டனர், மகனுக்கு மனத்தாங்கல். அவன் எடுத்த குளக்கரைப் படம் ஒன்றைக் குறித்து அண்டை வீட்டார் வந்து குறைப்பட்டுக் கொண்டனர்; தாய்க்கு மனத்தாங்கல்.

"இதை அவன் தொடரலாமா, நிறுத்தச் சொல்லவா? அத்தோப்பின் படம் இன்னும் எங்களுடையதுதானா?" இவையே சகோதரியின் கேள்விகள்.

அது என்ன கருவூலம்?

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். தமிழில் அது 2003-இல் தொடங்கியது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது இருக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு மொழியாரும் தத்தம் கட்டுரைக்கான படங்களைத் தனித்தனியே சேமித்தனர். நாகூர் தர்காவின் படம் ஆங்கிலத்திற்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, மலையாளத்திற்கு ஒன்று என ஒரே படத்தை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க, எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஒரே களஞ்சியம் 2004 செப்டம்பர் 7-இல் நிறுவப்பட்டது. அதுவே விக்கிமீடியா பொதுவகம். ஓரிடத்தில் படத்தை வைத்தால் எந்த மொழிக் கட்டுரையிலும் அதை எடுத்தாளலாம். இன்று அங்கே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. நன்கொடையால் நடக்கும் ஓர் அறநிறுவனம் கணினிகளைப் பராமரிக்கிறது. படங்களைத் தருவோரும், அடுக்குவோரும், பிழை களைவோரும் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

தமிழர்கள் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2011 நவம்பர் 15 முதல் 2012 பிப்ரவரி 29 வரை தமிழ் விக்கியர் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தினர். தமிழர் வாழ்வு, தொழில், கலை, கட்டடம் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் பல்லாயிரம் வந்து குவிந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேல் பக்கம் பக்கமாகப் படிமமாக்கப்பட்டு இப்பொதுவகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எழுத்துக்கு எழுத்து மெய்ப்புப் பார்க்கும் பணி தமிழ் விக்கிமூலத்தில் நடைபெறுகிறது.

கொடுத்த பின்னும் உரிமை உண்டா?

இனி மாமாவின் கோபத்திற்கு வருவோம். அவர் கேட்டது தவறான கேள்வி அன்று. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தமக்காகத் தாமே எடுத்த புகைப்படம் எடுத்த கணத்திலிருந்தே அவருக்கு உரியது. பதிவு செய்ய வேண்டியதில்லை, முத்திரையும் வேண்டியதில்லை. படம் வெளியிடப்பட்ட காலத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். பொதுவகத்தில் ஏற்றுவதால் இவ்வுரிமை தானாகப் போய்விடுவதில்லை. ஏற்றுகிறவர் செய்வதெல்லாம் உலகத்தாருக்கு ஓர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான். 2001-இல் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு அத்தகைய அனுமதிச் சீட்டுகளை வகுத்துத் தந்திருக்கிறது. மகன் தேர்ந்தெடுத்தது, அங்கே பலரும் தேர்ந்தெடுக்கும் வகை: "என் படத்தை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் என் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே நிபந்தனையில் பிறருக்குத் தர வேண்டும்." அனைத்து உரிமையையும் துறந்து கொடுக்கும் வகையும் உண்டு. எதைத் தேர்வது என்பது கொடுப்பவர் விருப்பம்.

ஆகவே சகோதரியே, அந்தப் படம் இன்னும் உங்கள் மகனுடையதே. காலண்டர் அச்சிடுகிறவர் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மகனின் பெயரையும் அனுமதியின் வகையையும் குறிப்பிடாமல் அச்சிட்டால் அனுமதி அறுந்துபோகும். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இவ்வனுமதியின் நான்காம் பதிப்பின்படி, தவறு தெரியவந்த 30 நாள்களுக்குள் அவர் அதைத் திருத்திக்கொண்டால் அனுமதி மீளும்.

'வணிகருக்கு மட்டும் இல்லை' என்று ஒரு நிபந்தனை போட்டால் என்ன? அப்படிப்பட்ட படத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. முதலில் கேட்கும்போது இது கடுமையாகத் தோன்றும். சற்றே எண்ணிப் பாருங்கள். பாடநூலை அச்சிடுபவரும் விலைக்குத்தான் விற்கிறார். நாளிதழும் விலைக்குத்தான் விற்கப்படுகிறது. இந்த மாத இதழும் அப்படியே. வணிகருக்கு இல்லை என்றால் இவர்களுள் யாருமே அந்தத் தோப்பை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. ஏற்றிய ஏழு நாள்களுக்குள், யாரும் எடுத்தாளாத நிலையில், ஏற்றியவரே கேட்டால் பெரும்பாலும் நீக்கித் தருவார்கள். காலம் கடந்தபின் அது அரிது. வக்ஃபு செய்த நிலத்தை மறுநாள் பேரன் வந்து திருப்பிக் கேட்க முடியாது என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. முழு ஒப்புமை இல்லைதான்; வக்ஃபில் நிலம் கைமாறுகிறது, இங்கே உரிமை எடுத்தவரிடமே நிற்கிறது. ஆயினும் மூலம் அழியாமல் நிற்க, பலன் மட்டும் பலருக்கும் ஓடிக்கொண்டிருக்கும் முறையில் இரண்டும் ஒன்றே. எனவே கொடுக்குமுன் நன்கு சிந்தியுங்கள், கொடுத்தபின் வருந்தாதீர்கள்.

மாமாவுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பூட்டி வைத்த படங்கள் அன்றிரவு மழையில் போயின. பொதுவில் வைத்த படம் ஒன்றுதான் மிஞ்சியது.

நீக்கியவர்கள் பகைவர்களா?

மகன் ஏற்றி, நீக்கப்பட்ட படம் எது? புயலுக்குப் பின் ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் வந்த படம். ஊருக்கு நேர்ந்த துயரத்தை உலகறியச் செய்யும் ஆர்வத்தில் அதை எடுத்து, 'என் சொந்தப் படம்' என்ற இடத்தில் குறியிட்டு ஏற்றியிருக்கிறான். எண்ணம் நல்லதே. ஆனால் அந்தப் படத்தை எடுக்கக் கொட்டும் மழையில் நின்றவர் வேறொருவர். அவருடைய உழைப்பைத் தன்னுடையது என்று சொல்வது அமானிதத்திற்கு மாறானது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இணையத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பொதுச் சொத்து என்னும் தவறான எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. வீதியோரத் தோப்பில் வேலி இல்லை என்பதற்காக இளநீரை வெட்டிக்கொண்டு போகலாமா?

படங்களைக் காவல் காக்கும் தொண்டர்கள் இத்தகையவற்றைக் கண்டால் நீக்குகிறார்கள். வெளிப்படையான களவு என்றால் உடனே நீக்குவார்கள். ஐயத்திற்கு இடமிருந்தால் குறைந்தது ஏழு நாள்கள் விவாதத்திற்கு வைப்பார்கள். ஏற்றியவரும் தம் தரப்பைச் சொல்லலாம். பின்னர், தொண்டர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிருவாகி ஒருவர் முடிவு செய்வார். அம்முடிவும் இறுதியன்று, சான்று காட்டினால் படம் மீளும். ஜமாஅத்தின் பஞ்சாயத்தில் இரு தரப்பையும் கேட்பது போன்ற முறைதான்.

எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது நல்லது.

மல்லிப்பட்டினத்திற்கு அருகே கடலோரத்தில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி மன்னர் எட்டு அடுக்குகளாக எழுப்பிய மனோராவைப் படமெடுத்து ஏற்றலாம். அது பழங்கட்டடம். நேற்றுக் கட்டி முடித்த கட்டடமானாலும், அதைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைக்கும் அப்படியே. ஆனால் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய திரைப்படச் சுவரொட்டியை நெருங்கிப் படமெடுத்து ஏற்றக்கூடாது. படம் உங்களுடையது, அதனுள் இருக்கும் ஓவியம் மற்றவருடையது.

பழைய ஸ்டூடியோப் படங்களில் சட்டச் சிக்கல் உண்டு. எடுத்தவருக்கு எவ்வளவு உரிமை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு எவ்வளவு உரிமை என்பது அவரவர் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அதற்கென உள்ள தொண்டர் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் பிறகு வழக்கில்லை.

மேலும், அது குடும்பப் படங்களைக் குவிக்கும் அலமாரி அன்று. கல்விக்குப் பயன்படுமா என்பதே அங்கே அளவுகோல். மகளின் பிறந்தநாள் படம் நீக்கப்படும்; மகள் பின்னும் கோரைப்பாயின் படம் நிற்கும்.

குளக்கரைப் படம்

மூன்றாவது செய்திதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. மாலை வெயிலில் குளத்தைப் படமெடுத்தான் பையன். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதில் விழுந்திருக்கிறார்கள். முகம் தெரிகிறது. அண்டை வீட்டார் வந்து சொன்ன பிறகே அவன் கவனித்தான். ஏற்றி இரண்டு நாள்களே ஆகியிருந்ததால், அவன் கேட்டதும் நீக்கிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு நாள்கள் இரண்டு ஆண்டுகளாக இருந்திருந்தால்?

தனியிடத்தில் எடுத்த படமானால், அதில் அடையாளம் தெரியும் மனிதரின் இசைவு வேண்டும் என்பதே அங்குள்ள பொது நெறி. பொது இடமானால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஆனால் சட்டம் தடுக்காத ஒன்றை நம் பண்பாடு தடுக்கலாம் அல்லவா? படித்துறை பொது இடந்தான். அங்கே குனிந்து துவைக்கும் பெண்ணின் கண்ணியம் அவளுக்கே உரியது. பொத்தானை அழுத்துமுன் ஒரு குரல் கொடுத்தால் அவர்கள் விலகிக்கொள்வார்கள். விலக விரும்பாமல் மகிழ்ச்சியோடு நிற்பவர்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். கேட்பது மட்டும் நம் கடமை.

பலர் அறியாத ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள், எடுத்த நேரமும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கக்கூடும். மனோராவின் இருப்பிடம் பதிவாவது நன்மை. உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தின் இருப்பிடம் பதிவாவது நன்மையா? ஏற்றுமுன் அதை அகற்றும் வழியைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாய்க்காலை யார் தூர்வாருவது?

படம் எடுப்பவர்களைப் பாராட்டுகிறோம். படத்திற்குப் பெயரிட்டவரை யார் பாராட்டுகிறார்கள்?

நம் தஞ்சைத் தரணியில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. கோடையில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர்வாருவார்கள். யாருக்கும் கூலி இல்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நீர் தடையின்றிக் கடைமடைக்கு வந்து சேர்வது அந்த உழைப்பால்தான். தூர்வாராத வாய்க்காலில் எத்தனை கனஅடி திறந்துவிட்டும் பயனில்லை.

படக் கருவூலத்திலும் அதே கதைதான். பத்துக் கோடிக் கோப்புகளுக்குள், வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட படம் கடலில் போட்ட ஊசி. 'அழகான காட்சி' என்று பெயரிட்ட படமும் அப்படியே. எந்த ஊர், எந்த ஆண்டு, எது, யார் எடுத்தது என்ற நான்கும் இருந்தால்தான் அது ஆவணம். ஆகவே தொண்டர்களுள் ஒரு பெரும் பகுதியினர் படமே எடுப்பதில்லை. பெயர் மாற்றுகிறார்கள், ஊர்வாரியாக, பொருள்வாரியாகப் பகுக்கிறார்கள், ஒரே படம் இருமுறை வந்திருந்தால் ஒன்றைக் களைகிறார்கள், தமிழில் விளக்கம் இல்லாத படத்திற்குத் தமிழ் விளக்கம் எழுதுகிறார்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்னும் வரலாறு ஒவ்வொரு படத்தின் பின்னும் பதிவாகி நிற்கிறது. தவறு செய்தால் மறைக்க முடியாது. நல்லது செய்தாலும் மறையாது.

இல்லத்தரசிகளே, இந்தப் பணிக்கு நீங்கள் எவ்வளவு ஏற்றவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? வெளியூர்த் தொண்டர் ஒருவர் நம் வீட்டுப் பொருளைப் பார்த்து 'ஒரு பாத்திரம்' என்று எழுதி வைத்திருப்பார். அது சஹன் தட்டு என்றும், ஒரு தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது வழக்கம் என்றும் உங்களுக்கல்லவா தெரியும்? வீட்டை விட்டு வெளியே செல்லாமலேயே, ஓய்ந்த பிற்பகலில் பத்து நிமிடம் அமர்ந்து, ஒரு படத்திற்கு அதன் உண்மைப் பெயரைக் கொடுக்கலாம். பேராவூரணித் தோப்பின் படத்தை அந்தக் குடும்பம் மீண்டும் கண்டது, முகம் தெரியாத ஒருவர் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்ததால்தான்.

தத்முர் கற்றுத் தரும் பாடம்

இவ்வளவு அக்கறை ஒரு படத்திற்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு, ஷாம் தேசத்திலிருந்து ஒரு வரலாறு.

பாசில் கர்தபில் என்பவர் 1981-இல் டமாஸ்கஸ் நகரில் பிறந்த கணினி வல்லுநர். சிரியாவில் கிரியேட்டிவ் காமன்ஸ் பணியை முன்னின்று நடத்தியவர். மேலைநாட்டார் பல்மைரா என்றும் அரபிகள் தத்முர் என்றும் அழைக்கும் தொல்நகரின் மண்டபங்களைப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண வடிவில் மீளக் கட்டும் முயற்சியை 2005-இலேயே தொடங்கினார். 2012 மார்ச்சில் அரசாங்கம் அவரைச் சிறையிலடைத்தது. அவர் சிறையில் இருந்தபோது, 2015 ஆகஸ்டில், அந்நகரைக் கைப்பற்றியிருந்த தீவிரவாதக் கும்பல் அங்கிருந்த இரு பெரும் கோயில்களை வெடிவைத்துத் தகர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய நண்பர்கள் அவர் சேர்த்த படங்களையும் வடிவங்களையும் எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தனர். அதே காலத்தில் அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்பதை 2017-இல்தான் அவருடைய மனைவியால் உலகுக்குச் சொல்ல முடிந்தது. மனிதரும் போனார், மண்டபமும் போயிற்று, பொதுவில் வைத்தது நிலைத்தது.

ஹலப் நகரின் பெரிய பள்ளிவாசலில் பதினோராம் நூற்றாண்டின் மினாரா ஒன்று நின்றது. 2013 ஏப்ரலில் போருக்கிடையே அது இடிந்து விழுந்தது. அதன் பழைய வடிவை அறிய விரும்புவோர்க்கு இன்று படங்களே சான்று.

போர் வந்தால்தான் கட்டடம் போகும் என்பதில்லை. நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடும் போகிறது! கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகளின் கல்தூண்களைப் பாருங்கள். உருவங்கள் இல்லாமல், பூவும் கொடியும் மொட்டுமாகத் தமிழகச் சிற்பிகள் செதுக்கியவை. மெஹர்தாத் ஷுகூஹி என்னும் அறிஞர் அக்கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுத்துத் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை குறித்து 2003-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் சிற்றூர்ப் பள்ளிகளுக்கெல்லாம் அத்தகைய அறிஞர் வரப்போவதில்லை. தொழுகையாளர் பெருகும்போது இடம் போதாமல் பழையதை எடுத்துவிட்டுப் புதியது கட்டுகிறோம். கட்ட வேண்டியதுதான். கடப்பாரை விழுமுன் ஒரு நாள், முத்தவல்லியின் அனுமதியோடு, தூணையும் மிஹ்ராபையும் கல்வெட்டையும் ஹவ்ளையும் நான்கு கோணங்களில் படமெடுத்து, நாளும் ஊரும் எழுதி வைக்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை? காரைக்குடியிலிருந்து பேராவூரணி வழியாக ஓடிய மீட்டர்கேஜ் வண்டியில் நாம் எத்தனை முறை பயணம் செய்திருக்கிறோம்! பாதை அகலமாயிற்று, பழைய தண்டவாளம் போயிற்று. நம்முள் எத்தனை பேரிடம் அதன் படம் இருக்கிறது?

பிறர் இதற்காகப் போட்டியே நடத்துகிறார்கள். 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'விக்கி நினைவுச்சின்னங்களை நேசிக்கிறது' என்னும் போட்டிக்கு, அடுத்த ஆண்டு 18 ஐரோப்பிய நாடுகளிலிருந்து 1,68,208 படங்கள் வந்தன. உலகின் மிகப்பெரும் புகைப்படப் போட்டி என்று கின்னஸ் ஏட்டில் அது இடம்பெற்றது. 2012-இல் இந்தியாவும் அதில் பங்கேற்றது.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

பேராவூரணிச் சகோதரிக்கு என் விடை இதுதான்: மகனை நிறுத்தச் சொல்லாதீர்கள், நெறிப்படுத்துங்கள். தான் எடுத்ததை மட்டும் ஏற்றட்டும். பிறர் முகம் விழுந்தால் கேட்டுவிட்டு ஏற்றட்டும். ஊர், நாள், பொருள் எழுதாமல் எதையும் ஏற்ற வேண்டாம். ஏற்றிய படத்தின் மூலத்தை வீட்டிலும் ஒரு படி வைத்துக்கொள்ளட்டும். பொதுவில் இருக்கிறது என்பதற்காக வீட்டிலுள்ளதை அழித்துவிடக்கூடாது. அண்டை வீட்டாரிடம் அவனையே அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களும் உங்கள் பிள்ளையைப் பிறகு நம்புவார்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் உள்ள பெட்டியை இந்த மாதம் ஒருமுறை இறக்குங்கள். பழைய அரபுத்தமிழ் ஏடு இருக்கலாம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தால் நம் சட்டப்படி அதன் பக்கங்களைப் படிமமாக்கிப் பொதுவில் வைக்கத் தடையில்லை. பாட்டனார் படம் இருக்கலாம். அதன் பின்புறத்தில் அவர் பெயரை இன்றே பென்சிலால் எழுதுங்கள். அவரை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி மனிதர் உங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இன்று கேட்காத பெயரை நாளை எந்தக் கணினியும் சொல்லாது.

சகோதரி கடிதத்தை முடிக்கும்போது ஒரு செய்தி எழுதியிருந்தார். சாய்ந்த தோப்பில் மீண்டும் கன்று நட்டார்களாம். நெட்டை ரகம், காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். இவ்வாண்டு முதல் பாளை வெடித்திருக்கிறது. மகன் அதைப் படமெடுத்துவிட்டு, ஏற்றாமல் தாயின் சொல்லுக்காகக் காத்திருக்கிறானாம்.

சகோதரியே, ஏற்றச் சொல்லுங்கள். பழைய படத்தின் அருகில் அது இருக்கட்டும். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் நட்ட தோப்பு என்பதை மறவாமல் எழுதச் சொல்லுங்கள்.